சரிந்துபோன கல்லூரி ஃபுட்பால் அணியை எடுத்து நிறுத்துவது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தோடு ஆடுவது) வழக்கமான சீசன் 12 ஆட்டங்கள். 6 வென்றால் சீசனுக்குப் பின் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைக்கும். 3 வென்று 9 தோற்ற அணியில், நவம்பர் கடைசி சனிக்கிழமை முடிந்த மறுநாளே யாரை அனுப்புவது, யாரைக் கொண்டுவருவது என்ற பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். அணி எந்த இடத்தில் உடைந்தது என்று தெரியாமல் ஆள் மாற்றினால், அடுத்த டிசம்பரிலும் இதே மேசையில் இதே பேச்சு நடக்கும்.

நேரம் அதிகம் இல்லை. பள்ளி மாணவர்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்திடும் முதல் தவணை டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது. வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் வீரர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டுமே திறந்திருந்தது. முன்பு ஏப்ரலிலும் ஒரு வாய்ப்பு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே நோய் எது என்று கண்டுபிடிக்கக் கையில் இருப்பது ஏறக்குறைய ஐந்து வாரம்.

ஐந்து குவியல்

முதல் வேலை, 12 ஆட்டங்களின் ஃபிலிமையும் முதலிலிருந்து பார்ப்பது. ஓர் ஆட்டத்தில் அஃபென்ஸ், அதாவது பந்தோடு முன்னேறும் பிரிவு, 65 முதல் 70 ப்ளே (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ப்ளே) ஆடும். அதைத் தடுக்கும் டிஃபென்ஸும் அதே அளவு. ஆக மொத்தம் 1,600 ப்ளே பக்கம் வரும். ஒரு பிரிவின் ஃபிலிமை அந்தப் பிரிவின் கோச் மட்டும் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஆஃபென்சிவ் லைனை டிஃபென்ஸ் கோச் ஒருவர் பார்க்கட்டும். பின்னால் நின்று பாஸைத் தடுக்கும் செகண்டரியை, பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களின் கோச் பார்க்கட்டும். தான் வளர்த்த பையன் மீதுள்ள பாசம் மதிப்பெண்ணில் கலந்துவிடும் என்பதுதான் காரணம்.

தோற்ற ஒவ்வொரு ப்ளேயையும் ஐந்தில் ஒரு குவியலில் போடுங்கள். ஒன்று, வீரருக்குத் தன் வேலை என்னவென்றே தெரியவில்லை. இரண்டு, வேலை தெரிந்தது, செய்த விதம் தவறு: கால் தவறாக வைத்தார், தலை தவறான பக்கம் போனது. மூன்று, எல்லாம் சரியாகச் செய்தும் எதிராளி பலத்திலோ வேகத்திலோ மிஞ்சிவிட்டார். நான்கு, அழைத்த ப்ளேயே அந்த இடத்துக்குப் பொருந்தாதது. ஐந்து, யார்மீதும் குற்றமில்லை. பந்து விழுந்து உருண்ட திசை அப்படி.

இந்தப் பிரிப்புக்கு ஒரு பயன் இருக்கிறது. ஒவ்வொரு குவியலுக்கும் மருந்து வேறு. முதலாவது, சொல்லிக்கொடுத்தவரின் பிரச்சினை. பிளேபுக்கை, அதாவது ப்ளேக்களின் தொகுப்பைச் சுருக்கினால் பாதி தீரும். இரண்டாவது, பயிற்சி நேரத்தில் தீர வேண்டியது. மூன்றாவதுக்கு எடைப் பயிற்சி அறையும் புது ஆட்களும் வேண்டும். நான்காவதுக்கு, ப்ளேக்களை அழைக்கும் கோஆர்டினேட்டர் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாவதை அப்படியே விட்டுவிடலாம். பெரும்பாலான கல்லூரிகள் செய்யும் தவறு, ஒன்றாம் குவியலின் நோய்க்கு மூன்றாம் குவியலின் மருந்தை வாங்குவது. வேலை புரியாமல் தோற்ற அணிக்குப் பணம் கொட்டி வேகமான வீரர்களைக் கொண்டுவந்தால், அவர்களும் அதே பிளேபுக்கில் அதே இடத்தில் தடுமாறுவார்கள்.

எண்கள் எப்படி ஏமாற்றும்

பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது சாக். அதன் எண்ணிக்கை அதிகம் என்றால் உடனே லைனைத் திட்டுவார்கள். ஸ்டாப்வாட்ச்சை எடுத்து ஸ்னாப்பிலிருந்து (பந்து பின்னால் கொடுக்கப்படும் நொடி) சாக் வரை எண்ணுங்கள். 2.5 விநாடிக்குள் விழுந்தால் அது பெரும்பாலும் லைனின் தவறு, அல்லது பிளிட்ஸாக, அதாவது கூடுதலாகப் பாய்ந்து வரும் ஆளை யார் எடுப்பது என்ற அழைப்பின் தவறு. 3 விநாடி தாண்டிப் பந்தைக் கையிலேயே வைத்திருந்தால், குவார்ட்டர்பேக்கின் கண் தவறான இடத்தில் இருந்திருக்கிறது; அல்லது ரிசீவர்கள் யாரும் விலகி வரவே இல்லை. லைனின் இரு ஓரத்திலும் நிற்க இரண்டு புது டாக்கிள்களை வாங்கினாலும் இது தீராது.

மூன்றாவது டவுனும் இப்படித்தான் (10 யார்டு முன்னேற நான்கு முயற்சி உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்). அங்கே தோற்பதாகத் தெரியும் அணி, பெரும்பாலும் முதல் டவுனில் தோற்ற அணி. 2 யார்டு மட்டும் வேண்டிய மூன்றாவது டவுனில் பாதிக்கு மேல் வெற்றி கிடைக்கும். 10 யார்டு வேண்டுமென்றால் வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு. முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் மீதமுள்ளதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம்: இதை எட்டிய ப்ளேதான் வெற்றி என்று வைத்து ஒவ்வொரு டவுனுக்கும் தனித்தனியாகக் கணக்கெடுங்கள். கசிவு எங்கே என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்.

ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகள்வாரியாகப் புள்ளிகளைப் பிரித்தும் பாருங்கள். மூன்று கால்வரை சமமாக ஆடி நான்காவதில் மட்டும் சரிந்தால், பிரச்சினை திறமையில் இல்லை. ஒன்று உடல் தாங்குதிறன், இல்லையென்றால் மாற்று ஆட்கள் பற்றாக்குறை. டிஃபென்சிவ் லைனில் நான்கு பேரை மட்டும் நம்பி 70 ப்ளே ஆடவைத்தால் ஐந்தாவது ஆட்டத்திலேயே அவர்களின் கால்கள் மந்தமாகும்.

ஃபம்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தவறவிடுவது பழக்கம், திருத்தலாம். தரையில் கிடக்கும் பந்து யார் கைக்குப் போகும் என்பது நீண்ட காலக் கணக்கில் பாதிக்குப் பாதி. சீசன் முழுக்க மூன்றில் ஒரு பங்கு ஃபம்பிளை மட்டும் மீட்ட அணி, அடுத்த ஆண்டு எதுவும் செய்யாமலே கொஞ்சம் தேறும். நூலிழையில் தோற்ற ஆட்டங்களும் அப்படியே என்று சொல்வார்கள். அதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 2021இல் நெப்ராஸ்கா 3-9 என்று முடித்தது. ஒன்பது தோல்வியும் 9 புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசம். மொத்தமாகப் பார்த்தால் அவர்கள் விட்ட புள்ளிகளைவிட எடுத்த புள்ளிகள் அதிகம். தலைமைக் கோச்சை மாற்றாமல் அடுத்த ஆண்டுக்குப் போனார்கள். 2022இல் மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு தலைமைக் கோச் போனார். சீசன் 4-8 என்று முடிந்தது. ஒன்பது தோல்வியில் எத்தனை ஐந்தாம் குவியல், எத்தனை ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் ப்ளேக்களுக்கான பிரிவு) தவறு என்று பிரித்துப் பார்க்காமல் "கெட்ட நேரம்" என்ற ஒரே பெயரில் கட்டிவைப்பது ஆபத்து.

வீரர்களிடம் கேளுங்கள்

முதல் இரண்டு வாரத்துக்குள் அணியில் உள்ள ஒவ்வொருவரிடமும் 15 நிமிடம் தனியாகப் பேசுங்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல் தாங்களாகவே வந்து சேர்ந்த வாக்-ஆன் வீரர்களும் இதில் அடக்கம். எல்லாவற்றையும் ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்கள்தான். அந்த வீரரின் பொசிஷன் கோச் அறையில் இருக்கக் கூடாது. எல்லோரிடமும் ஒரே நான்கு கேள்வி: ப்ளே அழைத்ததும் உன் வேலை என்னவென்று எத்தனை முறை சந்தேகம் வந்தது? உன் பிரிவில் யார் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள்? வலியோடு ஆடினாயா, யாரிடம் சொன்னாய்? அடுத்த ஆண்டு இங்கே இருப்பாயா, இல்லையென்றால் எதற்காக?

இரண்டாவது கேள்வியின் பதில்களை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் ஒரே பெயரைச் சொன்னால், அவர் நட்சத்திரமாக இல்லாவிட்டாலும் முதலில் தக்கவைக்க வேண்டியவர் அவர்தான். டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலை) அணி 2021இல் 5-7. புது கோச் சோனி டைக்ஸ் வந்ததும் குவார்ட்டர்பேக் மேக்ஸ் டக்கன் தன் இடத்தை இழந்தார். ஆனாலும் கல்லூரியை விட்டுப் போகவில்லை. 2022 முதல் ஆட்டத்தில் முதல் நிலை வீரர் காயமடைய, டக்கன் உள்ளே வந்தார். அணி தேசிய இறுதி ஆட்டம்வரை போய் 13-2 என்று முடித்தது. அவர் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாவது. இரண்டாம் இடத்தில் நிற்கச் சம்மதிக்கும் அனுபவசாலி போர்ட்டலில் எளிதில் கிடைக்கமாட்டார்.

யாரை மாற்றுவது

தலைமைக் கோச் தொடர்ந்தால், அவர் தன் கீழ் உள்ளவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றவும் கூடாது, எல்லோரையும் பலிகொடுக்கவும் கூடாது. நோட்டர் டேம் 2016இல் 4-8. பிரையன் கெல்லி பதவியில் இருந்தபடியே அஃபென்ஸ், டிஃபென்ஸ் இரண்டுக்கும் புது கோஆர்டினேட்டர்களைக் கொண்டுவந்தார். உடற்பயிற்சியைக் கவனிக்கும் ஸ்ட்ரெங்த் கோச்சாக மேட் பேலிஸ் வந்தார். மறு ஆண்டு 10-3. மிச்சிகன் 2020இல் 2-4. ஜிம் ஹார்பா இளம் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டராக மைக் மெக்டொனால்டை எடுத்துப் பயிற்சிக் குழுவைப் புதுப்பித்தார். 2021இல் 12-2.

இதில் ஸ்ட்ரெங்த் கோச்சின் இடத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சீசன் நடக்கும்போது வீரர்களிடம் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை வாங்கலாம், நாளுக்கு 4 மணி நேரம், ஒரு நாள் கட்டாய விடுப்பு. சீசன் இல்லாத மாதங்களில் வாரம் 8 மணி நேரம். அந்த 8 மணியில் பெரும்பகுதி எடைப் பயிற்சி அறையில்தான் போகிறது. ஜனவரியிலிருந்து ஜூலைவரை வீரர்கள் அதிகம் கேட்கும் குரல் அவருடையது. மூன்றாம் குவியலும் நான்காம் கால் சரிவும் சேர்ந்தே பெரிதாக இருந்தால், மாற்றம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பிளேபுக்கையும் ஆட்களையும் ஒரே ஆண்டில் முழுதாக மாற்றும் ஆசையை அடக்க முடிந்தால் அடக்குங்கள். இரண்டும் மாறினால் அடுத்த டிசம்பரில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரிக்க முடியாது. புது தலைமைக் கோச் வந்தால் இது தவிர்க்க முடியாதது. அப்போது அவரோடு ஏற்கெனவே பழகியவர்கள் கொஞ்சம் பேர் வரவேண்டும். 2023இல் 3-9 என்று கிடந்த இண்டியானாவுக்குக் கர்ட் சிக்னெட்டி போனபோது, ஜேம்ஸ் மேடிசனில் அவரிடம் ஆடிய 13 பேர் உடன் போனார்கள். ஒவ்வொரு பிரிவிலும் "இதை நாங்கள் இப்படித்தான் செய்வோம்" என்று சொல்ல ஒரு வீரர் இருந்தார். 2024இல் 11-2.

2024 ஜூனில் இன்னொரு விதியும் மாறியது. களத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் உதவிக் கோச்சுகள் 10 பேர் என்ற வரம்பு போய்விட்டது. அதுவரை ஃபிலிம் மட்டும் வெட்டிக்கொண்டிருந்த அனலிஸ்டுகளும் இப்போது கற்றுத்தரலாம். அவர்களை முதல் நிலை வீரர்களின் பின்னால் கூட்டமாக நிறுத்தாமல் மூன்றாம் நிலை வீரர்களிடம் அனுப்புங்கள். அக்டோபரில் அவர்கள் தேவைப்படுவார்கள்.

105 இடம், அதில் யார்

கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்த ஹவுஸ் வழக்கின் உடன்பாடு 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் பெற்றபின், அதை ஏற்ற கல்லூரிகளுக்கு ஃபுட்பால் அணியில் 105 பேர் என்பது வரம்பு. முன்பு 85 ஸ்காலர்ஷிப், அதற்குமேல் வாக்-ஆன்கள் என்று 120 பேரைத் தாண்டும் அணிகள் இருந்தன. இப்போது ஓர் இடத்தை வீணாக்கினால் வலிக்கும். நடைமுறைக்கு ஒத்துவரும் பங்கீடு இது: குவார்ட்டர்பேக் 5, ரன்னிங் பேக் 7, ரிசீவர் 13, டைட் எண்ட் 6, ஆஃபென்சிவ் லைன் 18, டிஃபென்சிவ் லைன் 18, லைன்பேக்கர் 13, செகண்டரி 20, கிக்கர், பண்ட்டர், லாங் ஸ்னாப்பர் சேர்த்து 5.

சரிந்த அணிகளின் பட்டியலைப் பார்த்தால் குறை பெரும்பாலும் லைன் இரண்டிலும்தான் இருக்கும். 18 வேண்டிய இடத்தில் 14 பேர், அதில் ஆறு பேர் முதலாண்டு. ஆஃபென்சிவ் லைன் வீரர் பள்ளியிலிருந்து வந்து உருப்பட இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும். ஒரு வகுப்பில் மூன்று பேருக்குக் குறைந்து எடுத்தால் அந்தப் பள்ளம் மூன்று ஆண்டு கழித்துத் தெரியும். அப்போது எடுத்த கோச் வேறு கல்லூரியில் இருப்பார். அதனால் ஒரு பெரிய தாளில் குறுக்கே பொசிஷன், கீழே மீதமுள்ள ஆண்டு என்று கட்டம் போட்டு எல்லாப் பெயரையும் எழுதுங்கள். காலியான கட்டம்தான் உங்கள் தேவைப் பட்டியல். ரசிகர்கள் கேட்கும் வேகமான ரிசீவர் அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று அப்போது தெரியும்.

பணத்துக்கும் வரம்பு உண்டு. அந்த உடன்பாட்டின்படி 2025-26இல் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து நேரடியாகப் பகிரக்கூடியது 2.05 கோடி டாலர். ஃபுட்பாலுக்கு வரும் பங்கை முதலில் குவார்ட்டர்பேக், டாக்கிள், வெளிப்புற பாஸ் ரஷ்ஷர், கார்னர்பேக் என்ற வரிசையில் ஒதுக்குங்கள். தொகையை ஆண்டு தொடக்கத்திலேயே மொத்தமாகக் கொடுக்காமல் மாதத் தவணையாக எழுதுங்கள். வெளி நிறுவனங்களோடு வீரர் செய்யும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் தனிப் பரிசீலனைக்குப் போகின்றன. அது தேறும் முன்பே அந்தப் பணத்தை வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பவருக்கும் புதிதாக வருபவருக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தால் லாக்கர் அறைக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தக்கவைக்கும் பேச்சை முதலில் முடித்துவிட்டு வாங்கும் பேச்சுக்குப் போவது இதனால்தான்.

போர்ட்டலில் தேடும்போது

உயரம், எடை, பள்ளிக்கால நட்சத்திர மதிப்பு என்று தொடங்காதீர்கள். எத்தனை ஸ்னாப் ஆடியிருக்கிறார் என்று பாருங்கள். சிறிய கல்லூரியில் இரண்டு ஆண்டு முழுநேரம் ஆடியவர், பெரிய கல்லூரியில் பெஞ்சில் இருந்த நட்சத்திரத்தைவிடப் பெரும்பாலும் நம்பகமானவர். இண்டியானாவின் 2024 குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் ஒஹையோ பல்கலையிலிருந்து வந்தவர். அரிசோனா ஸ்டேட்டை அதே ஆண்டு பிக் 12 லீக் பட்டத்துக்குத் தூக்கிச் சென்ற கேம் ஸ்கேட்டபோ, சாக்ரமெண்டோ ஸ்டேட்டில் ஓடிக் காட்டியவர்.

ஹைலைட் வீடியோவை ஒதுக்கிவிட்டு நான்கு முழு ஆட்டங்கள் பாருங்கள். அதில் ஒன்று அவர் மோசமாக ஆடியது, இன்னொன்று அணி 20 புள்ளி பின்தங்கியது. தோற்கும் ஆட்டத்தின் நான்காம் காலில் பந்து தன் பக்கம் வராதபோது எப்படி ஓடுகிறார் என்பதில் நிறையத் தெரியும். பிறகு மருத்துவப் பரிசோதனை: தோள், முழங்கால், தலைக்காய வரலாறு. அவர் போர்ட்டலில் பெயர் பதியும் முன் அவரையோ அவரைச் சேர்ந்தவரையோ தொடர்புகொள்வது விதிமீறல். அந்தக் குறுக்கு வழியில் போக வேண்டாம்.

பலர் மறப்பது படிப்பு. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தின் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80 முடிந்திருக்க வேண்டும். பழைய கல்லூரியில் 60 சதவீதம் முடித்தவரின் பாடங்களில் பாதியைப் புதுக் கல்லூரி ஏற்காவிட்டால் அவரால் ஆட முடியாது. வீரர் வளாகத்தைப் பார்க்க வரும் நாளுக்கு முன்பே மதிப்பெண் பட்டியலைப் படிப்பு ஆலோசகரிடம் கொடுத்து, எந்தப் பட்டத்துக்கு எத்தனை பாடம் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். அணியின் மொத்தப் படிப்புக் கணக்கான ஏபிஆரும் நான்கு ஆண்டுச் சராசரியில் 930க்குக் கீழே போகக் கூடாது. போனால் சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களே பறிபோகும். கூட்டம் கூட்டமாக ஆட்களை வெளியேற்றும் கோச்சுக்கு இந்த எண் இரண்டு ஆண்டு கழித்து வந்து நிற்கும்.

போர்ட்டலால் மட்டும் கட்டிய அணி ஆண்டுதோறும் காலாவதியாகும். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் 13-1, 2024இல் 2-10. அனுபவ வீரர்கள் ஒட்டுமொத்தமாகப் போனதும் அவர்கள் இடத்தில் நிற்க உள்ளே வளர்ந்தவர்கள் போதவில்லை. லைனையும் லைன்பேக்கரையும் பள்ளியிலிருந்து எடுத்து வளர்ப்பதும், கார்னர், ரிசீவர் போன்ற இடங்களைப் போர்ட்டலில் நிரப்புவதும் நீடித்து நிற்கும்.

குளிர்காலம்: உடல், பிறகு கோபம்

இந்தப் பகுதியில்தான் உயிர் சம்பந்தப்பட்டது இருக்கிறது. தோற்ற சீசனுக்குப் பின் ஜனவரியில் முதல் நாளே வீரர்களை வாந்தி எடுக்கும்வரை ஓடவிட்டு "கலாச்சாரத்தை மாற்றுகிறோம்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. விடுமுறையில் உடல் தளர்ந்து வந்தவர்களை அப்படி வாட்டினால் தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். ராப்டோமயோலைசிஸ் என்ற இந்த நிலையில் வீரர்கள் மருத்துவமனையில் படுத்திருக்கிறார்கள். வெயில் அதிர்ச்சியிலும், சிக்கிள் செல் டிரெய்ட் என்ற பரம்பரை ரத்தக் கூறு உள்ளவர்கள் இடைவிடாத ஓட்டத்திலும் இறந்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரெங்த் கோச்சுகளின் அமைப்புகள் வகுத்த வழி எளிது. விடுமுறைக்குப் பிறகு, அல்லது புது கோச் வந்தபிறகு, ஓட்டப் பயிற்சியின் அளவை முதல் வாரம் முழு அளவிலிருந்து 50 சதவீதம் குறைக்க வேண்டும், இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10. ஐந்தாம் வாரத்தில்தான் முழு அளவு. சிக்கிள் செல் சோதனை முடிவு ஒவ்வொருவருக்கும் கையில் இருக்கட்டும்; அந்த வீரர்களுக்குக் கூடுதல் ஓய்வு, தாங்களாகவே நிறுத்தும் உரிமை. தண்டனையாக உடற்பயிற்சி கொடுக்கவே கூடாது. நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் அத்லெடிக் டிரெய்னருக்கு இருக்க வேண்டும்; தலைமைக் கோச்சால்கூட அதை மீற முடியாதபடி இருக்க வேண்டும்.

எடை கூட வேண்டிய லைன் வீரருக்கு வாரம் 1 பவுண்டு நியாயமான இலக்கு. மார்ச்சுக்குள் 20 பவுண்டு என்று துரத்தினால் வருவது பெரும்பாலும் கொழுப்பு. பக்கவாட்டில் நகரும் கால் மந்தமாகி பாஸ் ரஷ்ஷரிடம் தோற்பார். வாரம் ஒருமுறை எடை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 10 யார்டு ஓட்டம், இரண்டையும் ஒரே தாளில் குறித்து வாருங்கள். எடை ஏறி நேரமும் ஏறினால் உணவை மாற்றுங்கள்.

வசந்தகாலத்தின் 15 நாள்

வசந்தகாலத்தில் 15 பயிற்சி மட்டுமே. இதில் பிளேபுக் முழுவதையும் புகுத்த நினைப்பவர் ஒன்றாம் குவியலைத் தானே பெருக்குகிறார். முதல் ஐந்து பயிற்சியில் 4 ரன், 6 பாஸ், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் 3 அமைப்பு. டிஃபென்ஸுக்கு ஒரு முன்வரிசை அமைப்பு, பாஸைத் தடுக்கும் 3 கவரேஜ். அவ்வளவுதான். ஆறு முதல் பத்துவரை இதே ப்ளேக்களைச் சூழ்நிலைகளில் ஆடுங்கள்: மூன்றாவது டவுன், ரெட் ஸோன் (எதிரணியின் கடைசி 20 யார்டு), சொந்த 3 யார்டு கோட்டில் முதுகு சுவரோடு. கடைசி ஐந்தில்தான் புதியது எதையும் சேர்க்கலாம். ஒரு வீரர் தன் வேலையையும் தன் இருபுறமும் நிற்பவரின் வேலையையும் பலகையில் எழுதிக் காட்டிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

இரண்டு மணி நேரத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாக 24 ஆக்கினால், அதில் இரண்டு துண்டு தினமும் டேக்கிளுக்கு, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவதற்கு. ஒரு ஆட்டத்தில் 10 டேக்கிளுக்கு மேல் தவறவிட்ட டிஃபென்ஸுக்கு இது பேரம் பேச முடியாத நேரம். ஆளைத் தரையில் தள்ளாமலே கற்றுத்தரலாம்: ஓடுபவரின் அருகிலுள்ள இடுப்பைக் குறிவைத்து நெருங்குவது, கடைசி மூன்று அடியில் காலடிகளைக் குறுக்குவது, தலையை வெளியே வைத்துத் தோளால் தொடுவது, கைகளைப் பூட்டுவது, கால்களை நிறுத்தாமல் ஓட்டுவது. பெரும்பாலான தவறு முதல் கட்டத்தில், அதாவது நெருங்கும் கோணத்தில் நடக்கிறது. கையை நீட்டிப் பிடிக்கப் போகும் நிலைமை வந்துவிட்டால் கோணம் ஏற்கெனவே தவறிவிட்டது.

குவார்ட்டர்பேக் போட்டியை ஏப்ரலிலேயே அறிவித்துவிட வேண்டும் என்ற பழைய அவசரம் இப்போது தேவையில்லை. ஏப்ரல் போர்ட்டல் இருந்தபோது தோற்றவர் உடனே கிளம்பிவிடுவார் என்ற பயத்தில் கோச்சுகள் வாய்மூடி இருந்தார்கள், அல்லது அவசரமாக முடிவெடுத்தார்கள். ஜனவரித் தவணை மட்டும் என்றால் ஆகஸ்ட்வரை நேர்மையாகப் போட்டி நடத்தலாம். இருவருக்கும் முதல் நிலை லைனோடு சமமான ஸ்னாப் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது லைனைத்தான்.

ஆகஸ்டும் அதன்பின்பும்

ஆகஸ்ட் முகாமில் 25 பயிற்சி. முதல் ஏழு நாள் உடல் வெயிலுக்குப் பழகும் காலம். கவசங்கள் படிப்படியாக ஏறும். ஸ்பெஷல் டீம்ஸுக்கு ஒதுக்கும் நேரத்தைத் தின்பதுதான் இந்த முகாமில் வழக்கமாக நடக்கும் தவறு. பண்ட் தடுப்பு, கிக்காஃப் விரட்டல் இரண்டிலும் முதல் நிலை வீரர்கள் நான்கு பேராவது நிற்கட்டும். லாங் ஸ்னாப்பருக்கு ஒரு மாற்று ஆளைத் தயார் செய்யுங்கள். அவர் காயமடைந்த நாளில்தான் அந்த இடத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும்.

சீசன் தொடங்கியதும் வெற்றித் தோல்வியோடு குவியல்களையும் எண்ணிக்கொண்டே போங்கள். புதுமுக வீரர்களை 4 ஆட்டம்வரை ஆடவிட்டும் அந்த ஆண்டை ரெட்ஷர்ட்டாக, அதாவது ஆடும் ஆண்டுக் கணக்கில் சேராமல் காப்பாற்றலாம் என்ற விதி 2018 முதல் இருக்கிறது. அந்த நான்கைச் செப்டம்பரிலேயே செலவழிக்காமல், ஆட்கள் தேயும் நவம்பருக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு எண் பொய் சொல்லலாம். அரிசோனா ஸ்டேட் 2022இல் 3-9. கென்னி டில்லிங்ஹம் வந்த 2023இலும் 3-9. 2024இல் 11-3. அதே மூன்று ஆண்டுகளில் கொலராடோ 1-11, 4-8, 9-4 என்று ஏறியது. எனவே அடுத்த டிசம்பரில் மறுபடி அந்த 1,600 ப்ளேயைப் பிரிக்கும்போது, ஒன்றும் இரண்டும் சுருங்கி மூன்று மட்டும் பெரிதாக நின்றால் பயிற்சிக் குழுவைத் தொடாதீர்கள். ஆட்களைத் தேடுங்கள், எடைப் பயிற்சி அறைக்கு இன்னொரு குளிர்காலம் கொடுங்கள். ஏதாவது ஒரு பொசிஷனில் மட்டும் ஒன்றாம் குவியல் சுருங்கவே இல்லையென்றால், அந்தப் பொசிஷன் கோச்சை ஜனவரியில் போர்ட்டல் திறக்கும் முன் மாற்றிவிடுங்கள். புதிதாக வரும் வீரருக்கு யார் சொல்லிக்கொடுப்பார் என்று அவர் கேட்கும்போது ஒரு பெயர் தயாராக இருக்க வேண்டும்.